காகிதத்தில் மட்டும் ஓடும் சாலை

ஸ்கில்லெட் ஓடை, மொன்டானா
ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் ஒரே மகளும் இப்போது இந்த வீட்டின் ஒரே பொதிகழுதையுமான ஹெட்டி எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம். எங்கள் முழங்கால்கள் நான்கும்தான் நலமில்லை. அலாஸ்காவில் உங்களுக்கும் உங்கள் சுரங்கத்துக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

கேட்டைப் பூட்டிவிட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மே மாதம் அம்மா போனில் சொன்னாள். "நிலம் வாங்குறதுக்கு முன்னாடி அந்தப் பத்திரத்தைப் படிச்சியா இல்லியா, ஓரின்?" என்று அவள் கேட்டதில் காரம் கொஞ்சம் தூக்கல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் வைத்த போன் வைத்ததுதான். வரவேண்டிய விடுப்புக்கும் வரவில்லை, கூடுதல் ஷிஃப்ட் என்று சுரங்க முகாம் ஆபீஸிலிருந்து யாரோ தகவல் சொன்னார்கள். சம்பளம் மட்டும் வங்கிக்கு வழி கண்டுபிடித்து ஒழுங்காக வந்துவிடுகிறது. உங்கள் கையெழுத்துக்குத்தான் வழி தெரியவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

நிலவரம் இதுதான். ஹால்வர் கிழவர் பண்ணையை விற்றுவிட்டு அரிசோனாவில் மகளோடு போய் இருந்துகொண்டார். வாங்கியவர் லைல் பிரென்டிஸ் என்று ஓய்வு பெற்ற பல் டாக்டர். முப்பது வருடம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்ன மனுஷன், இங்கே வந்ததும் முதல் வேலையாகக் கேட்டின் வாயைக் கட்டிவிட்டார். பூட்டு என் முகம் அளவு இருக்கிறது. பெரிய ரோட்டிலிருந்து அவர் நிலத்தின் வழியாக நம் ட்ரெய்லர் வீட்டுக்கு அரை மைலுக்கு மேல். பால், நாய்த் தீனி, துணி சோப்பு, என் சயின்ஸ் ப்ராஜெக்ட் எல்லாம் தலைச்சுமை. கேஸ் சிலிண்டரைக் கைவண்டியில் வைத்துத் தள்ளினோம். பாதி வழியில் அது உருண்டு ஓட, அம்மா பின்னால் ஓட, நாய் அம்மாவின் பின்னால் ஓட, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பார்ப்பவர்களுக்கு.

நாள் முழுக்க ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பள்ளி பஸ் ஓட்டி வீட்டு வாசலில் இறக்கிவிடுகிறவள் அம்மா. சாயங்காலம் நம் பிக்கப் வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுத் தன் வீட்டுக்குத் தானே நடந்து வருகிறாள். கேஸ் லாரிக்காரர் பூட்டிய கேட்டுக்கு வர மாட்டாராம். அக்டோபரில் பனி இறங்கிவிடும். விறகும் கேஸும் வந்து சேராத இடத்தில் குளிர்காலம் ஓட்ட முடியாது. அதற்குள் வழி பிறக்காவிட்டால் ட்ரெய்லரை அப்படியே விட்டுவிட்டு டவுனில் வாடகைக்குப் போக வேண்டியதுதான் என்கிறாள் அம்மா. விற்கலாம் என்றால், போக வழி இல்லாத இருபது ஏக்கரை யார் வாங்குவார்கள்? பறவைகளிடம் பணம் இல்லை.

டாக்டரைப் போய்ப் பார்த்தோம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டவாவது வசதியாக இருந்திருக்கும். காபி கொடுத்தார். "தப்பா நினைக்காதீங்க லோர்னா. நாளைக்கு என் ரோட்டுல உங்க கேஸ் லாரி கவுந்துச்சுன்னா கோர்ட்டுக்கு யாரை இழுப்பாங்க? என்னைத்தானே? எழுத்துல ஏதாவது உரிமை இருந்தா காட்டுங்க, நானே திறந்துவிடுறேன்" என்றார் அம்மாவிடம். அம்மா எழுத்தைத் தேடி வீட்டைத் தலைகீழாக்கினாள். உங்கள் தூண்டில் பெட்டியில், முட்களுக்கு அடியில், நிலம் வாங்கும்போது எடுத்த நில உரிமைக் காப்பீட்டுப் பத்திரம் கிடைத்தது. எடுக்கும்போது என் விரலில் முள் ஏறியது. பத்திரத்தைத் தூண்டில் பெட்டியில் வைக்கிற குடும்பம் உலகத்தில் நம்முடையது ஒன்றுதான் இருக்கும்.

நிலத்துக்குச் சட்டப்படி வழி இல்லை என்று பின்னால் தெரியவந்தால் கம்பெனி பொறுப்பு என்று அதில் அச்சடித்திருந்தது. அம்மா ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தாள். கம்பெனிக்கு எழுதினோம். இன்று பதில் வந்தது. "தங்கள் நிலத்தின் தென் எல்லையில் 1911-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட, அறுபது அடி அகலமுள்ள பொதுச்சாலை வந்து சேருகிறது. ஆகவே தங்களுக்கு வழி உண்டு. ஆகவே இழப்பு இல்லை." வரைபடம் வேறு, அதில் அழகாகச் சிவப்புக் கோடு.

தென் எல்லையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம்? பதினொரு மாடி உயரத்துக்குச் செங்குத்தான மண்சரிவு. சிவப்புக் கோடு அந்தச் சரிவில் நேராக இறங்குகிறது. அதில் மலையாடுகூடக் காப்பீடு எடுத்துக்கொண்டுதான் இறங்கும். 1911-இல் யாரோ ஒரு மகானுபாவர் ஆபீஸில் உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். அதன்பின் ஒருவரும் அங்கே ஒரு மண்வெட்டியைக்கூட வைக்கவில்லை.

எனக்கு வருகிற எரிச்சலில் இந்தப் பேனா உருகாமல் இருப்பதே ஆச்சரியம். பதில் போடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ஹெட்டி

•

ஸ்கில்லெட் ஓடை
ஜூலை 14

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்து நடந்து ஒரு ஷூவைத் தின்று முடித்த ஹெட்டியின் வணக்கம். பதில் வரவில்லை. பரவாயில்லை, இந்த வருடம் எனக்கு யாருமே பதில் சொல்வதில்லை, பழகிவிட்டது.

டவுனில் வக்கீல் வெஸ்டா ஆர்கட்டைப் பார்த்தோம். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே மேசையெல்லாம் தேடுகிற அம்மாள். ஆனால் விஷயத்தில் கத்தி. காப்பீட்டுக் கம்பெனி கிடக்கட்டும், ஒன்பது வருடமாக அந்த ரோட்டில் போய் வருகிறீர்களே, அதுவே ஒரு உரிமை என்றாள். நம் மாநிலச் சட்டப்படி அடுத்தவர் நிலத்தில் ஐந்து வருடம், அவர் கண் முன்னாலேயே, அவரைக் கேட்காமல் போய் வந்தால் வழிப்பாத்தியம் நமக்கு வந்துவிடுமாம். அம்மா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். அப்போது வெஸ்டா கேட்டாள்: "நீங்க யாரும் அவர்கிட்ட அனுமதி கினுமதின்னு கேட்டதில்லையே?"

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, பெருமையாகச் சொன்னாள்: "கேட்காம எப்படிங்க? நாங்க மரியாதைப்பட்ட குடும்பம். வருஷா வருஷம் கேட்டோம்."

வெஸ்டா தலையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கண்ணாடியும் கிடைத்தது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மே முதல் ஞாயிறு ஹால்வர் கிழவர் கேட்டில் சங்கிலி போடுவார். ஒரே ஒரு நாள். இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் செய்வதுதான். 'இது என் ரோடு, மறந்துவிடாதீர்கள்' என்று ஊருக்குச் சொல்லி வைப்பது. அது வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து நாம் புளிப்பு ருபார்ப் தண்டு போட்டுக் கேக் செய்துகொண்டு போவோம். 'இந்த வருடமும் போய் வரலாமா, ஹால்வர்?' என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் கேக்கைப் பார்த்துவிட்டு, 'வாசனை நல்லா இருக்கு, போய்ட்டு வாங்க' என்பார். அந்த ஒரு வார்த்தை போதுமாம், எல்லாம் போவதற்கு. "கேட்டுப் போனா அது அவரோட தயவு. கேட்காம போனா அது உங்க உரிமை. வித்தவரோடயே தயவும் போயிடும், உரிமைதான் நிலத்தோட தங்கும்" என்றாள் வெஸ்டா.

மேலண்டைப் பக்கத்துப் ப்ரூயிட் குடும்பத்தை நினைவிருக்கிறதா? வருடா வருடம் அந்தச் சங்கிலியைக் கட்டிங் ப்ளேயரால் வெட்டிவிட்டு, ஹாரன் அடித்துக்கொண்டே போவார்களே? "அவங்க என்கிட்ட வந்திருந்தா இந்நேரம் கேஸை ஜெயிச்சுக் கொடுத்திருப்பேன்" என்றாள் வெஸ்டா. ஆக, சங்கிலியை வெட்டியவனுக்கு ரோடு, கேக் வெட்டியவனுக்கு நடை. கேட்டதால் வந்த கேடு. இனி இந்த வீட்டில் யாரிடமும் எதையும் மரியாதையாகக் கேட்பதாக இல்லை. உப்பு வேண்டுமானால் பிடுங்கிக்கொள்வேன்.

இத்தோடு முடிந்திருந்தால் 'யார் பார்த்தது, யார் கேட்டது' என்று ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாம். இனி வருவதை எழுதக் கை வரவில்லை. கேக்கோடு நான் ஒவ்வொரு வருடமும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேனே. 'மாட்சிமை தாங்கிய ஸ்கில்லெட் ஓடை மாமன்னர் ஹால்வர் அவர்களின் பொற்பாதங்களுக்கு, எறும்பினும் சிறிய டோர்விக் குடும்பத்தார் தரையில் விழுந்து கேட்டுக்கொள்வது: தங்கள் ராஜபாட்டையில் இன்னும் ஓராண்டு ஊர்ந்து செல்ல அனுமதி தந்தருளுக.' கீழே நம் மூன்று பேர் கையெழுத்து. போதாதென்று நாயின் பாதத்தை மையில் தோய்த்து ஒரு முத்திரை. நீங்கள்கூட கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள்.

கிழவர் ஒன்றைக்கூடத் தூக்கிப் போடவில்லை. எட்டையும் சமையலறை டிராயரில் வைத்திருந்திருக்கிறார். வீட்டைச் சாமான்களோடு வாங்கிய டாக்டருக்கு அவையும் கிடைத்தன. அவருடைய வக்கீல் எட்டையும் நகல் எடுத்து வெஸ்டாவுக்கு அனுப்பிவிட்டார். நான் ஏழு வயதில் கிரையானால் போட்ட கிரீடம் வண்ண நகலில் பளிச்சென்று இருக்கிறது. வெஸ்டா மேசையில் வரிசையாகப் பரப்பிவிட்டு, "இதைவிடத் தெளிவா அனுமதி கேட்டு எழுத எனக்கே வராது" என்றாள். என் வாழ்நாளில் என் எழுத்துக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

அம்மா திட்டவில்லை. கேட்டிலிருந்து வீடு வரை இரண்டு மளிகைப் பைகளையும் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். திட்டியிருந்தால் பையையாவது நான் வாங்கியிருப்பேன்.

ஆகவே அப்பா, பத்திரத்தைப் படிக்காமல் வாங்கியது நீங்கள் என்றால், படித்தவர்களுக்கு எழுதிக் கொடுத்தது நான். குற்றவாளிக் கூண்டில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், எனக்கும் இடம் வேண்டும்.

இன்னொன்று. வெஸ்டா நம் காப்பீட்டுப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். நாலாம் பக்கத்தில் நிறுத்தினாள். சாதாரணக் காப்பீட்டில் 'வழி உண்டு' என்று மட்டும்தான் இருக்குமாம். நம்முடையதில் 'நடந்தும் வண்டியிலும் உண்மையாகவே போய் வர வழி உண்டு' என்று இருக்கிறது. அதற்குத் தனியாகக் கொஞ்சம் கூடக் கொடுத்துக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்றாள். கேட்டு வாங்கியது யார் என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அந்த வரியை மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு இன்னொரு முறை படித்தாள்.

அன்புடன்,
ஹெட்டி

•

ஸ்கில்லெட் ஓடை
ஆகஸ்ட் 23

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் சேர்ந்ததற்கு அடையாளமாக முகாமிலிருந்து ஒரு கொசுவாவது அனுப்பியிருக்கலாம். போகட்டும். இந்த முறை சேதி இருக்கிறது.

போன மாதம் வெஸ்டா கம்பெனிக்கு ஒரு காரசாரமான கடிதம் போட்டாள். நானும் என் பங்குக்கு ஒன்று போட்டேன். வெஸ்டாவுக்குத் தெரியாது. 'ஐயா, எங்கள் நிலத்துக்கு இப்படி ஒரு அருமையான சாலை இருப்பதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஒரு முறை நேரில் வந்து அந்தச் சாலையிலேயே எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மதியச் சாப்பாடு எங்களுடையது. ஓட்டுவது உங்களுடையது.'

யாருடைய கடிதத்துக்காக வந்தார்களோ, வந்தார்கள். கார்விஸ் என்று ஒருவர். நகரத்துக் கார், நகரத்துச் செருப்பு. நான் தெற்கு ரோட்டுத் திருப்பத்தில் ஒரு பலகை எழுதி நட்டு வைத்திருந்தேன்: 'காப்பீட்டுக் கம்பெனியார் சாலை. அறுபது அடி அகலம். வருக.' அம்மா வேண்டாம் என்றாள். ஆனால் எழுத்தில் ஒரு பிழை இருந்ததைத் திருத்திக் கொடுத்தாள்.

வழிகாட்ட நானும் நாயோடு காரில் ஏறிக்கொண்டேன். முதல் கால் மைல் புல். அப்புறம் கல். அப்புறம் கடவுள். முந்தின நாள் மழையில் மண் களியாகக் குழைந்திருந்தது. மெதுவாகப் போங்கள் என்று நான் இரண்டு முறை சொன்னேன், சாட்சி வேண்டுமானால் நாய் இருக்கிறது. சரிவின் விளிம்புக்கு இருபதடி முன்னால் கார் அச்சு வரை இறங்கி உட்கார்ந்துவிட்டது. அவர் இறங்கி, செருப்பை இழந்து, நடந்து போய் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தார். கீழே ஓடை. ஓடைக்கு அப்பால் நம் ட்ரெய்லர். ட்ரெய்லர் வாசலில் அம்மா, கை ஆட்டினாள்.

"ஏம்மா, இதுல எப்படி இறங்குறது?" என்றார்.

"நீங்கதான் சார் எழுதியிருந்தீங்க, அறுபதடி அகலம்னு. அகலம் சரியாத்தான் இருக்கு. ஆழத்தைத்தான் எழுதாம விட்டுட்டீங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஆனால் போட்டோ எடுத்தார். நிறைய எடுத்தார். விளிம்பிலிருந்து ஒரு கல்லைத் தள்ளிவிட்டு, அது போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

காரை இழுக்க டிராக்டர் வேண்டும். இந்தப் பக்கம் டிராக்டர் வைத்திருப்பவர் யார்? பல் டாக்டர். போன் போட்டேன். ஒன்பது மைல் சுற்றி, மணிக்கு ஆறு மைல் வேகத்தில், ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தார். அதுவரை நானும் கார்விஸும் என் சாண்ட்விச்சைப் பாதிப் பாதி சாப்பிட்டோம். டாக்டர் வந்து சரிவைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கார்விஸைப் பார்த்தார்.

"இதையா வழின்னு எழுதிக் கொடுத்தீங்க?" என்றார்.

"வரைபடத்துல அப்படித்தான் சார் இருந்தது" என்றார் கார்விஸ்.

"எக்ஸ்ரேயைப் பார்த்துட்டு வாயைத் திறந்தே பார்க்காம பல்லைப் பிடுங்குற ஆளுங்களை நான் பார்த்திருக்கேன்" என்றார் டாக்டர். பிறகு சங்கிலி மாட்டி இழுத்தார். கார் வெளியே வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே, "நான் மே மாசத்துலேர்ந்து ஒண்ணேதான் சொல்லிட்டிருக்கேன். எழுத்துல கொண்டாங்க. யார் ரோட்டைச் சரி பண்றது, யாராவது கவுந்தா யார் பொறுப்பு, அதெல்லாம் எழுதி, நியாயமா ஒரு விலை போட்டா கையெழுத்துப் போடுறேன். இந்தப் பொண்ணோட அம்மா கேஸ் சிலிண்டர் தள்ளிட்டுப் போறதை ஜன்னல்லேர்ந்து பார்க்கிறது எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?" என்றார். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்! அன்றைக்கே வந்து தள்ளியிருக்கலாம். இருந்தாலும் சொன்னாரே.

கார்விஸ் ஊருக்குப் போய் அறிக்கை கொடுத்திருக்கிறார். காகிதச் சாலையில் வண்டி போகாது என்று கம்பெனியே ஒப்புக்கொண்டுவிட்டது. பத்திரத்தின் நாலாம் பக்கத்து அந்த வரியால்தான் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டார்கள் என்கிறாள் வெஸ்டா. டாக்டரிடமிருந்து நமக்கு நிரந்தரமான வழிப்பாத்தியத்தைக் கம்பெனி தன் செலவில் வாங்கித் தருகிறது. வண்டிப்பாதை, இருபதடி அகலம், கேட்டிலிருந்து நம் எல்லை வரை. யார் விற்றாலும் யார் செத்தாலும் நிலத்தோடு தங்குகிற உரிமை. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இனி நம் பக்கத்துக் கையெழுத்துதான் பாக்கி. நிலம் உங்கள் இருவர் பேரிலும் இருப்பதால் இருவரும் நோட்டரி முன்னால் போட வேண்டும். செப்டம்பர் இருபதுக்குள். தவறினால் கம்பெனி கொடுத்த வாக்கு முடிந்துவிடும், டாக்டருடையதும்தான். அதன்பின் பனி.

அம்மா போட்டுவிட்டாள். போடுவதற்கு முன்னால் வெஸ்டா அந்தத் தாளை அவளிடம் கொடுத்து, பேர் சரியா என்று பார்க்கச் சொன்னாள். 'ஓரின் டோர்விக், லோர்னா டோர்விக், கணவனும் மனைவியும்' என்று இருந்தது. அம்மா சத்தமாகப் படித்தாள். எழுத்துப் பிழை ஏதுமில்லை. ஆனாலும் இன்னொரு முறை படித்தாள். வெளியே வந்து பிக்கப்பில் உட்கார்ந்த பிறகு ரொம்ப நேரம் சாவியைத் திருப்பவில்லை. "உங்கப்பா அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்கினாரு பாரு" என்றாள். அவ்வளவுதான். அவளிடமிருந்து அதற்கு மேல் வராது, உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய தாளை இந்த உறையில் வைத்து அனுப்பச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தாள். முகாமுக்குப் பக்கத்து ஊரிலேயே நோட்டரி இருக்கிறாராம், போட்டு தபாலில் திருப்பி அனுப்பினால் போதுமாம், வேலை கெட வேண்டாமாம்.

உறையை இன்னொரு முறை உதறிப் பார்க்காதீர்கள். தாள் இதில் இல்லை. வெஸ்டாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன், அவள் மேசையில் பத்திரமாக இருக்கிறது, நேரில் வந்து போடுங்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் எனக்கு அடுத்த செப்டம்பர் வரை பாத்திரம் கழுவுகிற வேலை நிச்சயம். செய்த குறும்புகளிலேயே இதற்கு மட்டும்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் வராவிட்டால் ரோட்டைத் தொலைத்தவள் இரண்டாவது முறையும் நான்தான்.

முகாமிலிருந்து வியாழக்கிழமை விமானம் உண்டு. இந்தக் கடிதம் வந்து சேர்ந்த பிறகும் இருபதாம் தேதிக்குள் மூன்று வியாழக்கிழமைகள் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டேன். கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போடும் வரை அப்படித்தான் இருக்கும். ஆகவே வருகிற அன்று மட்டும் அரை மைல் நடக்க வேண்டியிருக்கும், மன்னிக்கவும். எந்த நாள் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் கேட்டருகே நின்று உங்கள் பெட்டியைத் தூக்கிக்கொள்கிறேன்.

இல்லை, எழுதக்கூட வேண்டாம். வந்துவிடுங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
ஹெட்டி